மயிலை முதல் அடையாறு வரை: சபை நாட்டலும் ஊழியரின் வாரநாட்களும்

1. பொருளும் எல்லையும்

சென்னையின் தென்பகுதியில் கிறித்தவம் வேரூன்றிய கதையை எழுதுவோர் பெரும்பாலும் இயேசுவின் சீடர் தோமா இங்கே வந்தார் என்ற மரபிலிருந்தோ போர்த்துக்கீசியர் வருகையிலிருந்தோ தொடங்குவார்கள். முன்னதில் அற்புதம் மிகும். பின்னதில் அரசியல் மிகும். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டிலும் இடமில்லை. சபையை நடத்தியவர் அன்று யார் வீட்டுக்குப் போனார், வாடகைக்கு என்ன செய்தார், எந்த மொழியில் ஜெபித்தார் என்பவை அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நடுவில் வைத்துப் பார்க்கும் முயற்சி இது. சபை ஒன்று விசுவாசத்தால் தொடங்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொடங்கிய சபை இரண்டாம் தலைமுறைக்குப் போய்ச் சேருவது இடம், மொழி, பணம், கலியாணம், அடக்கம் ஆகிய காரியங்களை அதன் தலைவர் எப்படி நடத்தினார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. மயிலாப்பூர் வட்டாரத்தின் ஐந்நூறு ஆண்டு வரலாறு இதற்குப் போதிய சான்று தருகிறது.

ஆய்வின் எல்லை மயிலாப்பூர், சாந்தோம், இராயப்பேட்டை, தியாகராய நகர், சைதாப்பேட்டையின் சின்னமலை, அடையாறு, பெசன்ட் நகர். வேப்பேரியும் புரசைவாக்கமும் எல்லைக்கு வெளியே இருந்தாலும், பணத்தைப் பற்றிப் பேசும்போது அங்கே போகாமல் முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சென்னை மாவட்ட மக்களில் ஏறத்தாழ 7.7 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். கத்தோலிக்கரின் பங்கு ஆலயம் முதல் மொட்டைமாடிக் கொட்டகையில் கூடும் பெந்தெகொஸ்தே சபை வரை இவர்களின் வழிபாட்டு இடங்கள் விரிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளப்பது இங்கே நோக்கமன்று.

2. இடம்

மயிலையின் முதல் சான்றுகளில் ஆலயத்தைவிட அதைப் பராமரித்தவர்களே தெளிவாகத் தெரிகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தோமாவின் இடத்துக்கு வந்த யாத்திரிகர்கள் அங்கிருந்த செம்மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துச் சென்றதைக் குறிக்கிறார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா எழுதும்போது அந்த இடம் பாழடைந்திருந்தது. ஏழை முஸ்லிம் ஒருவர் பிச்சை எடுத்து அங்கே விளக்கெரித்து வந்தார். சமய வரலாற்றாசிரியர்கள் இந்தக் குறிப்பை வியந்துவிட்டுக் கடந்து விடுகிறார்கள். எனக்கு இது முதன்மையான சான்று. ஒரு தலத்தைக் காப்பது என்றால் நாள்தோறும் எண்ணெய்க்கு வழி தேடுவது. அந்த நூற்றாண்டில் அதைச் செய்தவர் கிறித்தவர் அல்லர்.

1517இல் ஆர்மேனிய வணிகர் ஒருவர் வழிகாட்டப் போர்த்துக்கீசியர் சிலர் மயிலைக்கு வந்தார்கள். 1522-23இல் கல்லறையைத் தோண்டிப் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பே சாந்தோம். லஸ் பகுதியில் உள்ள பிரகாச மாதா ஆலயத்தின் கல்வெட்டு 1516ஐக் குறிக்கிறது. வரலாற்றாசிரியர்களில் பலர் கட்டடத்தைச் சில பத்தாண்டுகள் பின்தள்ளுவார்கள். ஊர்மக்கள் அதற்கு இட்ட பெயர் காட்டுக்கோயில். இன்றைய லஸ் முனையின் போக்குவரத்து நெரிசலில் நிற்பவருக்கு நம்பக் கடினமாக இருந்தாலும், கட்டியபோது அது ஊருக்குப் புறத்தே இருந்தது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. சின்னமலையில் 1551இல் ஆலயம் எழுந்தது; பரங்கிமலை உச்சியில் அதற்கு முன்பே ஒன்று இருந்தது.

1606இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமானது. அதன் பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1662இல் கோல்கொண்டாப் படை சாந்தோமைப் பிடித்தது. 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1674இல் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். 1749இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை போயிற்று, கொடி போயிற்று. மறைமாவட்டம் மட்டும் போகவில்லை. ஆயர் நியமனத்தில் போர்த்துக்கல் அரசுக்கு இருந்த ஞானஆதரவு உரிமை இந்திய விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1952இல்தான் சென்னையும் மயிலையும் ஒரே உயர்மறைமாவட்டமாக இணைந்தன. முதல் பேராயர் சலேசிய சபையைச் சேர்ந்த லூயி மத்தியாஸ். இன்று நாம் காணும் வெள்ளைக் கோபுர ஆலயம் 1896இல் முடிந்த கட்டடம். பழையதை இடித்துவிட்டு எழுப்பியது.

இந்த நீண்ட நிலைபேற்றுக்கு இன்னொரு பக்கம் உண்டு. இடத்தின் உரிமை குருக்களிடையே கசப்பையும் வளர்த்தது. சென்னைக் கோட்டையில் ஊழியம் செய்த கப்புச்சின் துறவி எஃப்ரேம் தெ நெவேரை 1649இல் சாந்தோமுக்கு வரவழைத்துச் சிறைபிடித்து, கோவாவில் இருந்த மதவிசாரணை மன்றத்துக்கு அனுப்பினார்கள். ஆறு மைல் கூட இல்லாத தூரத்தில் இருந்த இரண்டு கத்தோலிக்கக் கூட்டங்களுக்கிடையே நடந்தது இது. இடத்தைப் பெற்றவர் அதைப் பங்கிடத் தயங்குவது பழைய வழக்கம்.

இதற்கு மாறான ஒரு நடவு பெசன்ட் நகரில் நடந்தது. 1970களில் மீனவக் குப்பத்தை ஒட்டி, ஓலைக் கொட்டகையில் சிறிதாகத் தொடங்கிய அன்னை வேளாங்கண்ணி ஆலயம் இன்று செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவியுடை தரித்துக் கால்நடையாக வரும் பக்தர்களால் நிரம்புகிறது. அவர்களில் இந்துக்கள் எத்தனை பேர் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அங்கே அரச உரிமை எதுவும் முதலில் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள், கட்டடம் பின்னால் வந்தது.

தியாகராய நகரின் சிக்கல் வேறு. 1920களில் மாம்பலம் ஏரிப்பகுதியைத் தூர்த்து, நீதிக்கட்சி ஆட்சியில் திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்பு அது. பழைய மிஷன்களைப் போல ஏக்கர் கணக்கில் நிலம் பெறும் காலம் அப்போதே போய்விட்டது. பின்னால் வந்த சபைகளுக்குக் கிடைத்தது பள்ளிக்கூட ஹால், சிறிய கலியாண மண்டபம், வீட்டு மாடி. முகூர்த்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஆராதனைக்கு வேறு இடம் தேட வேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்த்து வழிபாட்டைத் திட்டமிடும் கிறித்தவ ஊழியரை நம் ஊரில்தான் பார்க்க முடியும்.

3. மொழி

1545இல் பிரான்சிஸ் சவேரியார் மயிலையில் சில மாதங்கள் தங்கினார். பங்குத் தந்தை காஸ்பார் கொயேலோவின் வீட்டில் இருந்துகொண்டு, இரவில் தோமாவின் கல்லறை அருகே ஜெபித்தார். பிறகு மலாக்காவுக்குக் கப்பலேறினார். இந்தத் தங்கல் பக்தி இலக்கியத்தில் பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் அவருடைய தமிழ் ஊழியம் நடந்தது இங்கே அன்று, முத்துக்குளித்துறையில். அங்கே உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, மனப்பாடம் செய்வித்தார். மயிலையில் அவர் சந்தித்தது பெரும்பாலும் போர்த்துக்கீசியக் குடும்பங்களை. சாந்தோம் சபை நெடுங்காலம் இரண்டு மொழிச் சபையாகவே இருந்தது. ஆளும் மொழி ஒன்று, அழும் மொழி ஒன்று. 1726இல் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனிலிருந்து சென்னைக்கு வந்த ஊழியர் பெஞ்சமின் ஷூல்ட்சே போர்த்துக்கீசியம், தமிழ், தெலுங்கு மூன்றிலும் வேலை செய்ய வேண்டியிருந்தது இந்த நிலையின் தொடர்ச்சியே.

19ஆம் நூற்றாண்டில் காட்சி மாறுகிறது. வெஸ்லியன் மிஷனின் முதல் ஊழியர் ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னைக்கு வந்தார். வந்தது இங்கிலாந்திலிருந்து நேரடியாக அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து. இராயப்பேட்டை அந்த மிஷனின் ஊன்றுகால் ஆனது. இன்றைய வெஸ்லி ஆலயம் அந்தத் தொடர்ச்சியில் நிற்கிறது. ஈழத்துத் தமிழ் அனுபவம் சென்னைச் சபைகளுக்கு ஊட்டம் தந்ததை நம் ஆய்வுகள் போதிய அளவு சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் ஊழியராக இருந்த பீட்டர் பெர்சிவலும் அங்கே அவரோடு உழைத்த ஆறுமுக நாவலரும் தம் விவிலிய மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுவந்து மழவை மகாலிங்கையரிடம் காட்டி ஒப்புதல் பெற்ற நிகழ்ச்சி ஊரறிந்தது. கிறித்தவ வேதத்தின் தமிழுக்குச் சைவ அறிஞர் உழைத்தார். வைதிகப் புலவர் மதிப்பிட்டார். இன்றைய சமயச் சண்டைகளுக்கு நடுவே இதை நினைப்பது ஆறுதலாக இருக்கிறது.

ஜி. யு. போப் 1839இல் சென்னையில் இறங்கியபோது அவரும் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்தவரே. பிறகு ஆங்கிலிக்கன் சபைக்கு மாறிச் சாயர்புரம் போனார். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்றது மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில். வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர் பின்னாளில் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. மயிலையில் நடந்த திருமுழுக்குகளுள் தமிழ் இலக்கியத்தில் தடம் பதித்தது இதுதான் என்பேன்.

இன்று அடையாறிலும் சின்னமலையிலும் ஒரே கட்டடத்தில் காலை தமிழ், பிறகு ஆங்கிலம், பிற்பகலில் தெலுங்கு, மலையாளம் அல்லது இந்தி என்று ஆராதனைகள் மாறுகின்றன. கட்டுமான வேலைக்கும் மென்பொருள் வேலைக்கும் வந்தவர்கள் நகரின் மொழிப்பட்டியலை நீட்டிவிட்டார்கள். தமிழ் ஆராதனையிலோ பிரசங்கத் தமிழ் தனி வகையாக உறைந்திருக்கிறது. 'ஸ்தோத்திரம்', 'கிருபை', 'சுவிசேஷம்' போன்ற வடசொற்கள் நிறைந்த பழைய மொழிபெயர்ப்பு நடையைப் புதிய சபைகள்கூட விடவில்லை. கத்தோலிக்கர் திருப்பலி, நற்செய்தி என்று தனித்தமிழ்ப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். இருவரும் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் போகும்போது ஜெபத்தில் சற்றுத் தடுமாறுவது இதனால்தான்.

4. பணம்

விசுவாசத்தையும் பணத்தையும் தனித்தனி அத்தியாயமாக எழுதுவது ஆய்வாளரின் வசதிக்கு. ஊழியரின் வாழ்வில் அவை பிரிவதில்லை. வேப்பேரியில் வாழ்ந்த லுத்தரன் ஊழியர் யோகான் பிலிப் பப்ரிசியுஸ் இதற்கு வருத்தமான சான்று. 1742இல் சென்னைக்கு வந்து, அரை நூற்றாண்டு இங்கேயே உழைத்து, விவிலியத்தைத் தமிழில் புதிதாகப் பெயர்த்தவர், தமிழ் அகராதி தொகுத்தவர், ஞானப்பாட்டுகள் தந்தவர். அவர் தமிழைப் புகழாத சபை இல்லை. ஆனால் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைத் தவறானவர்களிடம் வட்டிக்கு விட்டு, கடனாளியாகி, முதுமையில் சிறைக்குப் போனார். 1791இல் மறைந்தார். சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் அத்தனை கவனம் கொண்டவர் கணக்கில் கவனம் கொள்ளவில்லை. சபைத் தலைவருக்கு இரண்டும் வேண்டும் என்பதை மிஷன் சங்கங்கள் பிறகு கற்றுக்கொண்டன.

இரண்டாவது கட்டம் வெளிநாட்டுப் பணத்திலிருந்து விலகும் முயற்சி. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கமும், 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் உருவாயின. இரண்டிலும் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் கை இருந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்தியத் தலைமை என்பது தேசியச் சங்கத்தின் கொள்கை. சுதேசி இயக்கம் சூடு பிடித்த அதே ஆண்டில் இது நடந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது கட்டத்தைப் பக்த் சிங் தொடங்கினார். 1903இல் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, பொறியியல் படிக்க இங்கிலாந்தும் கனடாவும் போய், 1932இல் வான்கூவரில் திருமுழுக்குப் பெற்றவர். மறு ஆண்டு இந்தியா திரும்பினார். சென்னையில் அவருடைய கூட்டங்களுக்குப் பெருந்திரள் வந்தது. பழைய சபைகளோடு உரசலும் வந்தது. 1941இல் நண்பர்கள் சிலரோடு பல்லாவரம் மலையில் இரவு முழுதும் ஜெபித்துவிட்டு, அவ்வாண்டு ஜூலையில் 'யெகோவா ஷம்மா' என்ற பெயரில் முதல் உள்ளூர்ச் சபையைத் தொடங்கினார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே பல நாள் நீடிக்கும் பெருங்கூடுகையும் ஆரம்பமாயிற்று.

அந்தச் சபையின் அன்றாட முறை கூர்ந்து நோக்கத்தக்கது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் அமர்ந்தார்கள். ஞாயிறு ஆராதனை மணிக்கணக்கில் நடந்தது. முடிந்ததும் எல்லோருக்கும் அன்பின் விருந்து. ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. பணம் வேண்டும் என்று வெளியாரிடம் விண்ணப்பிப்பதும் இல்லை. தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்ல வேண்டும். ஊழியர்கள் ஒரே வளாகத்தில் வாழ்ந்து ஒரே உலையில் வெந்ததை உண்டார்கள். சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்டுப் பழகிய சமூகத்தில், சபையில் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் முற்றும் போகாத நகரத்தில், வாரந்தோறும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது பிரசங்கத்தைவிட வலிய செயல் என்று கருதுகிறேன். பின்னர் ஹைதராபாத்தில் 'எப்ரோன்' அவர் இயக்கத்தின் மையமாயிற்று. 2000 செப்டம்பரில் அங்கேயே மறைந்தார்.

ஆனால் இந்த 'விசுவாச வாழ்க்கை' முறைக்கு ஒரு குறையும் உண்டு. தேவையை மனிதரிடம் சொல்லக்கூடாது என்ற விதி உறுதியான தலைவரிடம் ஒழுக்கமாகிறது. தனியாக ஊழியம் செய்பவரின் வீட்டில் அது மனைவியும் பிள்ளைகளும் சுமக்கும் மௌனமாகலாம். பிள்ளையின் பள்ளிக்கட்டணத்தை யாரிடமும் சொல்லாமல் எத்தனை மாதம் கடத்த முடியும்? இந்தக் கேள்வியைச் சபை வரலாறுகள் எழுப்புவதில்லை.

5. வாரம்

வாடகை ஹாலில் சபை நடத்தும் ஊழியரின் வாரம் ஞாயிறன்று தொடங்குவதில்லை. சனிக்கிழமை இரவு நாற்காலி அடுக்குவதில் தொடங்குகிறது. ஞாயிறு காலையில் சவுண்ட் பாக்ஸ், கீபோர்டு, வயர் எல்லாம் ஆட்டோவில் வரும். ஆராதனைக்குப் பின் அதே வண்டியில் திரும்பும். திங்கள் ஓய்வு என்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவருக்கு நாள் கிழமை கிடையாது. செவ்வாயும் புதனும் வீட்டு ஜெபம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். வேலையில்லாதவர், குடிக்கும் கணவரால் துன்பப்படுபவர், வீட்டில் யாருக்கும் தெரியாமல் வருபவர் ஆகியோர் கூடும் நாள் அது. மாதத்தின் முதல் நாள் வாக்குத்தத்த வசனம் தர வேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கு ஆண்டு முழுதும் எட்டிப் பார்க்காதவரும் வருவார்.

இந்த வாரத்தின் பாதியைச் சுமப்பவர் பாஸ்டரின் மனைவியான பாஸ்டரம்மா. பெண்கள் தம் வீட்டுப் பிரச்சினையை அவரிடம்தான் சொல்வார்கள். ஞாயிறுபள்ளி அவருடையது, அன்பின் விருந்துக்கு அரிசி எவ்வளவு என்ற கணக்கும் அவருடையது. எந்த ஆவணத்திலும் அவருக்குப் பதவி இல்லை.

சென்னைப் புராட்டஸ்டண்டுகளை ஆராய்ந்த மானிடவியலாளர் லயனல் காப்ளான் தம் 1987ஆம் ஆண்டு நூலில், பழைய சபைகளின் தலைமை படித்த வசதியான வகுப்பிடம் இருந்ததையும், எளிய மக்கள் குணமாக்குதல், பேய் ஓட்டுதல் ஆகியவற்றைப் பேசும் கூட்டங்களின் பக்கம் போனதையும் இணைத்துக் காட்டினார். 1947 செப்டம்பர் 27இல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை பல மிஷன்களை ஒன்றாக்கியது பெரிய சாதனை. ஆனால் ஒன்றான சபையில் எளியவர் வீட்டுக் கதவைத் தட்ட ஆள் போதவில்லை. அந்த இடைவெளியில் வளர்ந்தவற்றுள் முதன்மையானது சின்னமலையின் புதுவாழ்வு ஏ.ஜி. (அசெம்பிளிஸ் ஆஃப் காட்) சபை. பாஸ்டர் டி. மோகன் 1973இல் ஏழு பேருடன் தொடங்கியதாக அச்சபையின் வரலாறு கூறும். இன்று ஞாயிறுதோறும் பல ஆராதனைகளில் பல்லாயிரவர் கூடுகிறார்கள். வளர்ச்சிக்குக் காரணம் மேடையும் இசையும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். தெருத்தெருவாகப் பிரித்து நடத்தும் வீட்டுக்குழுக்களே அடித்தளம். கத்தோலிக்கப் பங்குகள் 'அன்பியம்' என்று பத்திருபது வீடுகளைச் சேர்த்து நடத்துவதும் இதே தேவைக்கான வேறொரு விடை. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துக் கற்றுக்கொண்டதை இரண்டுமே ஒப்புக்கொள்ளாது.

6. கலியாணமும் அடக்கமும்

சபை வேரூன்றியதா என்று அறியத் திருமுழுக்குக் கணக்கைப் பார்ப்பது வழக்கம். கலியாணப் பதிவேட்டையும் கல்லறையையும் பார்க்க வேண்டும் என்பது என் பரிந்துரை.

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் யார் திருமணம் நடத்தலாம் என்று வரையறுக்கிறது. பேராயரால் குருத்துவம் பெற்றவருக்கு உரிமை இயல்பாக உண்டு. தனிச்சபை ஊழியர் அரசிடம் உரிமம் பெற வேண்டும். பொதுவாகக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் சடங்கு நடக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உரிமம் இல்லாத பாஸ்டர் என்ன செய்வார்? உரிமம் உள்ள வேறொருவரை அழைத்து, தம் விசுவாசியின் பிள்ளைக்குத் தாமே சாட்சியாக நிற்பார். வீட்டு ஜெபத்தில் இருபது ஆண்டு தலைவராக இருந்தவர் பதிவேட்டில் விருந்தாளி ஆகும் கணம் அது.

அடக்கம் இன்னும் கடினம். நகரின் பெரிய புராட்டஸ்டண்டு, கத்தோலிக்கக் கல்லறையான கீழ்ப்பாக்கத்தில் புதுக் குழிக்கு இடம் அருகிவிட்டது. குடும்பக் கல்லறையைத் திறந்து அதிலேயே அடக்கம் செய்யும் முறை வந்துவிட்டது. முதல் தலைமுறை விசுவாசிக்குக் குடும்பக் கல்லறை ஏது? அவருடைய உறவினர் இந்துக்கள். உடலைத் தங்கள் முறைப்படி தகனம் செய்ய அவர்களும் உரிமை கோருவார்கள். அந்த இரவில் இரு தரப்புக்கும் நடுவே நின்று பேசுபவர் ஊழியர்தான். பழைய சபைகளோடு நல்லுறவு வைத்திருந்தால் இடம் கிடைக்கும். இல்லையென்றால் நகருக்கு வெளியே வெகுதூரம் போக வேண்டும். பிரசங்க மேடையில் பழைய சபையை 'பெயர்க் கிறிஸ்தவர்கள்' என்று சாடுபவர் கல்லறை வாசலில் அவர்களிடமே போய் நிற்க நேர்கிறது.

அரசின் சட்டங்களும் வாரநாட்களை மாற்றின. 2002இல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச்சட்டம் கொண்டுவந்தது. 2004இல் அவரே அதைத் திரும்பப் பெற்றார். 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், பணம் தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளை வழியாகவே வர வேண்டும் என்றும், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும், பெற்றதை வேறு அமைப்புக்கு மாற்றக்கூடாது என்றும் கட்டுப்படுத்தியது. பெரிய அமைப்பிடமிருந்து மாதந்தோறும் சிறு உதவி பெற்ற ஊழியர்களுக்கு இது நேரடி அடி. தசமபாகமும் காணிக்கையும் மட்டுமே கைகொடுத்த சபைகளோ அசையவில்லை. அசரியாவின் கொள்கை நூறாண்டு கழித்து இப்படிப் பயன்பட்டது.

7. சான்றுகள் குறித்து

தரங்கம்பாடி மிஷன் ஊழியர்களின் நாட்குறிப்புகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் பாதுகாப்பாக உள்ளன. வெஸ்லியன் மிஷனின் கடிதங்கள் லண்டனின் சோவாஸ் (SOAS) நூலகத்தில் உள்ளன. அதனால் 18ஆம் நூற்றாண்டு வேப்பேரி ஊழியர் எந்த நாள் யாரைச் சந்தித்தார் என்று நம்மால் அறிய முடிகிறது. ஆனால் 1980களில் சைதாப்பேட்டை மாடியில் சபை தொடங்கியவரின் அன்றாடத்தை அறிய வழியில்லை. அவருடைய வாடகை ரசீது, காணிக்கை நோட்டு, வீட்டு ஜெபப் பட்டியல், திருமுழுக்குப் புகைப்படம் எல்லாம் வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. இந்தக் கட்டுரையை வாசிக்கும் ஊழியர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும், சபைச் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த நோட்டுகளை எறிய வேண்டாம். கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரி போன்ற அருகிலுள்ள நூலகம் ஒன்றிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் எடுத்துக்கொள்ளாவிட்டாலும், ஒரு பெட்டியில் போட்டு ஆண்டையும் தெருவையும் மேலே எழுதி வையுங்கள்.